கார் ஷெட்டின் மேல் அறை

நல்லகாமன் வண்டி ஓட்டக் கற்றது லாரியில். மேலூர்ப் பக்கம் கல் ஏற்றும் லாரி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவர் அசந்த நேரங்களில் ஓட்டிப் பழகி, லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே டிரைவராகியிருந்தார். லாரியை விட்டது கல்யாணத்துக்குப் பிறகு. அவர் மனைவி செல்லத்தாய்க்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு. பனி நாட்களில் மூச்சு ஏறாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். பாதி நாள் வெளியூரில் கிடக்கிறவனுக்குத் தங்கச்சியைக் கொடுத்துவிட்டோம் என்று அவளுடைய அண்ணன் பேயாண்டி ஒரு விசேஷ வீட்டில் யாரிடமோ சொன்னது நல்லகாமன் காதுக்கு வந்தது. ராத்திரி வீட்டில் இருக்கும்படியான வேலையாகத் தேட ஆரம்பித்தார்.

அப்படித்தான் தல்லாகுளத்தில் நூல் வியாபாரம் செய்யும் சோலைமலையின் வீட்டுக்குக் கார் ஓட்ட வந்து சேர்ந்தார். கறுப்பு அம்பாசடர். முதலாளி காலையில் கோயிலுக்குப் போய்விட்டு மண்டிக்குப் போவார், மதியம் சாப்பிட வருவார், மறுபடியும் மண்டி. வெளியூர்ப் பயணம் எப்போதாவதுதான். சம்பளத்தைவிட நல்லகாமனுக்குப் பெரிதாகப் பட்டது இடம். கார் ஷெட்டுக்கு மேலே இருந்த அறையில் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த ஷெட் பழைய காலத்தில் குதிரை வண்டி நிறுத்தக் கட்டியது. வீட்டின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி இருந்தது. மேலே வைக்கோல் போட்டுவைப்பதற்காகப் பலகைத் தளம் போட்டு ஒரு மச்சு. பின்பக்கமாக ஏறிப்போக வெளிப்படி. வண்டிகள் போய் கார் வந்த பிறகு மச்சுக்குக் கதவும் இரண்டு சன்னலும் வைத்து அறையாக்கியிருந்தார்கள். பலகைகளுக்கு அடியில், உத்தரங்களின் கீழ் முகத்தில் கம்பி வலை அடித்துக் கனமாகச் சுண்ணாம்புக் காரை பூசியிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் உத்தரமும் தெரியாது, பலகையும் தெரியாது. வெறும் வெள்ளைத் தட்டு. வைக்கோல் தூசி வண்டிமேல் கொட்டாமல் இருக்கப் பூசியது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

செல்லத்தாய் அந்த அறைக்கு வந்தபோது மகள் ஜெயக்கொடி கைக்குழந்தை. சன்னலைத் திறந்தால் கிழக்குக் காற்று நேராக வரும். அடுப்புப் புகை கிடையாது, மண்ணெண்ணெய் ஸ்டவ். தரையில் ஈரம் ஏறாது. அந்த அறையில் இருந்த வருஷங்களில் அவளுக்கு இளைப்பு வந்த நாட்கள் குறைவு. மழைக்காலத்தில் இரண்டொரு முறை வரும், கசாயத்தில் போய்விடும். ஊருக்குப் போனால் அண்ணன் மனைவியிடம் அறையைப் பற்றித்தான் பேசுவாள். மச்சில் குடியிருக்கிறவளுக்கு இம்புட்டுப் பெருமையா என்று அண்ணி ஒருமுறை கேட்டதற்கு, மச்சுன்னா என்ன, நீங்க மாடிக்குக் கீழ இருக்கீங்க, நான் காருக்கு மேல இருக்கேன் என்றாளாம். இதை நல்லகாமனே சிரித்துக்கொண்டு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஜெயக்கொடி பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் முதலாளியின் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். கார்த்திகையில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. அந்த வீட்டில் விசேஷம் என்றால் பந்தி கார் ஷெட்டில்தான். காரை வெளியே நிறுத்திவிட்டு, தரையை இரண்டு முறை கழுவி, எண்ணெய்க் கறைமேல் பாய் விரித்து மறைத்துவிட்டு இலை போடுவார்கள். போன வருஷம் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு வந்தவர்களை அங்கே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டபோது ஐப்பசி மழை விட்ட சாயங்காலம். தொங்குகிற பல்பைச் சுற்றி வந்த ஈசல் எல்லாம் ரசத்தில் விழுந்தது. பெரியவர் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். முதலாளிக்கு அது மறக்கவில்லை. சென்னையில் ஒரு ஹோட்டலில் விளக்கே கண்ணுக்குத் தெரியாமல் மேல் தட்டுக்குள் புதைத்து வைத்திருந்ததைப் பார்த்திருந்தார். வெளிச்சம் மட்டும் கீழே விழும். அப்படிச் செய்ய ஆள் உண்டா என்று காரில் போகும்போது கேட்டார்.

நல்லகாமன் உமர் பாரூக்கின் பெயரைச் சொன்னார்.

உமர் பாரூக் காஜிமார் தெரு வயர்மேன். லாரிக் காலத்தில் ஹெட்லைட் வேலைக்குப் போய்ப் பழக்கமானவர். டேபிள் ஃபேனிலிருந்து தியேட்டர் ஸ்பீக்கர்வரை எதுவும் தெரியாது என்று சொல்லமாட்டார். அன்றைக்கு மதுரையில் புதைக்கிற விளக்கு எந்தக் கடையிலும் கிடையாது. சென்னைக்கு எழுதிப்போட்டால் வர மாதமாகும் என்றார்கள். உமர் பாரூக் யோசிக்கவே இல்லை. பலகாரக் கடைகளில் காலியாகக் கிடக்கும் வனஸ்பதி டப்பாக்களை வாங்கிவந்தார். வாயை வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்து, உள்ளே வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். அடிப்பாகத்தில் ஹோல்டர் பொருத்தினார். காரையைக் கொத்தி, கம்பி வலையை வெட்டி, டப்பாவைத் தலைகீழாக உள்ளே ஏற்றிவிட்டால் பலகைக்கும் காரைக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடைவெளியில் அது போய் உட்கார்ந்துகொண்டது. கீழேயிருந்து பார்த்தால் வட்டமான ஒரு பள்ளமும் உள்ளிருந்து வரும் வெளிச்சமும்தான். சென்னை ஹோட்டலில்கூட இவ்வளவு எடுப்பாக இல்லை என்று முதலாளியே சொன்னார்.

ஒரு காரியம் மட்டும் உமர் பாரூக் கூடுதலாகச் செய்தார். முதலில் போட்ட டப்பாவில் பல்பு இரண்டு நாளில் போய்விட்டது. சூடு வெளியேற வழி இல்லை. எல்லா டப்பாக்களையும் கழற்றி, மேல் பக்கம் சுற்றிலும் ஆணியால் ஓட்டை அடித்துத் திரும்ப மாட்டினார். அதன் பிறகு பல்பு நின்றது. நல்லகாமன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம் சுவிட்சைப் போட்டபோது மேலே அறையில் இருந்த செல்லத்தாயும் ஜெயக்கொடியும் பயந்துவிட்டார்கள். பலகைச் சந்துகள் எல்லாம் வெளிச்சக் கோடுகளாக எரிந்தன. தரை முழுக்கப் பொன் சரிகை. ஜெயக்கொடி விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கோடுகளின்மேல் படுத்துப் பார்த்தாள். கீழே பந்தியில் சம்பந்தி வீட்டார் பேசுவது, பாயசம் கேட்பது எல்லாம் பக்கத்தில் பேசுவதுபோல் கேட்டது. முன்பெல்லாம் கேட்காது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மார்கழி பிறந்தது. அந்த மாதம் முழுக்க முதலாளி விடியற்காலையில் கோயிலுக்குப் போவது வழக்கம். பனியில் வண்டி சுலபத்தில் கிளம்பாது. சோக்கை இழுத்துவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். எல்லா வருஷமும் செய்வதுதான். இந்த வருஷம் இரண்டாவது நாளே செல்லத்தாய்க்கு இளைப்பு வந்தது. பனி என்று நினைத்தார்கள். சன்னலைச் சாத்தினார்கள். சாத்தியபிறகு மோசமானது. கோயிலிலிருந்து நல்லகாமன் திரும்பி வரும்போது அவள் வெளிப்படியில் வந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருப்பாள். பேச்சு வராது. கையால் உள்ளே காட்டுவாள்.

கண்டுபிடித்தது ஜெயக்கொடி. பரீட்சைக்காக விடியற்காலையில் எழுந்து படித்துக்கொண்டிருந்தவள், கீழே கார் கிளம்பியதும் பலகைச் சந்திலிருந்து நீலமாகப் புகை எழும்புவதைப் பார்த்தாள். சந்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள். நல்லகாமன் நம்பவில்லை. அடுத்த நாள் வண்டியை ஓடவிட்டுவிட்டு மேலே ஏறிவந்து பார்த்தார். எந்தெந்த இடத்தில் டப்பா இருக்கிறதோ அதற்கு நேர் மேலே இருந்த சந்துகளில் புகை வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாடையும்.

அன்று பழைய சேலையைக் கிழித்து எல்லாச் சந்துகளிலும் கத்தியால் குத்தி அடைத்தார். செல்லத்தாய் அன்றிரவு தூங்கினாள். இரண்டு நாள் கழித்து ஏதோ வேலையாக வந்த உமர் பாரூக்கிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. மேலே வந்து துணிகளைப் பிடுங்கினார். டப்பா பக்கம் விழுந்திருந்த ஒரு துண்டின் ஓரம் விளக்குச் சூட்டில் பழுப்பேறி இருந்தது.

"மாப்ள, கொள்ளி வைக்கிறதுக்கு ஊர்ல வேற எடம் இல்லையா ஒனக்கு?"

"பின்ன என்ன பாய் செய்யச் சொல்ற? அவ மூச்சு விடணும்ல."

உமர் பாரூக் ஒரு பலகையைப் பெயர்த்து, டப்பாவைச் சுற்றி ஆற்று மணலைக் கொட்டி மூடினார். மணல் எரியாது. புகையையும் ஓரளவு தடுத்தது. ஆனால் மறுபடியும் பல்பு போக ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை தோறும் அந்த விளக்குகளைப் போட்டுப் பார்ப்பது முதலாளியம்மாவுக்கு வழக்கமாகியிருந்தது. ஒன்று எரியவில்லை என்றாலும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. வயர்மேனைக் கூப்பிடு என்றார்கள். உமர் பாரூக் வந்து, தான் போட்ட மணலைத் தானே தள்ளிவிட்டுப் போனார்.

போகும்போது நல்லகாமனிடம் சொன்னார். ஓட்டையை அடைத்து, வலை கட்டி, காரை பூசிவிட்டால் தீர்ந்தது. அரை நாள் வேலை. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேள்.

நல்லகாமன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவர் கணக்கு வேறு. அந்த அறை எழுத்தில் கொடுத்தது அல்ல. ஒரு நாள் காரில் போகும்போது, இருந்துக்கய்யா என்று பின் சீட்டிலிருந்து சொன்னது. மகள் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டுப் போட்ட விளக்கை, மேலே குடியிருக்கிறவனுக்காக எடுக்கச் சொன்னால், அந்த அறையைப் பற்றி முதலாளி முதல்முறையாக யோசிப்பார். யோசிக்க வைத்துவிடக்கூடாது என்று நல்லகாமன் நினைத்தார். மாசியில் கல்யாணம். அதுவரை ஓட்டிவிட்டால் விளக்கின்மேல் யாருக்கும் அக்கறை இருக்காது. அப்போது மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். பங்குனியில் ஜெயக்கொடிக்குப் பரீட்சையும் முடிந்துவிடும்.

அதனால் காரைத் தள்ள ஆரம்பித்தார். விடியற்காலையில் ஷெட் கதவைத் திறந்து, கியரை எடுத்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளுவார். வாசற்படியில் சிறிய மேடு ஒன்று உண்டு. அதில் ஏற்றுவதுதான் கஷ்டம். ஏறிவிட்டால் கேட்டுவரை சரிவு. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி அங்கேதான் கிளப்புவார். திரும்பி வரும்போது தெருவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வேகத்தில் உருட்டி ஷெட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார். செல்லத்தாய் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டாம் என்று சொன்னதில்லை. நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு இது ஆகிற வேலையா என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். லாரி டயரையே தூக்கினவன் என்றார். இடுப்பில் தினமும் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

தை மாதம் ஒரு நாள் முதலாளி சீக்கிரம் எழுந்து மாடியில் நடந்துகொண்டிருந்தபோது இதைப் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். பாட்டரி இறங்கிவிட்டது, செல்ஃப் எடுக்கவில்லை என்று நல்லகாமன் சொல்லிவிட்டார். மறுநாளே மண்டியிலிருந்து ஆளனுப்பிப் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டார்கள். விரலை வைத்தால் வண்டி கிளம்பியது.

ஒரு வாரம் கழித்து முதலாளியின் மைத்துனர் கண்ணுச்சாமி கல்யாண வேலைக்காக வந்து தங்கியிருந்தார். தீயணைப்புத் துறையில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நடக்கிற பழக்கம். அவரும் முதலாளியும் கேட்டருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது நல்லகாமன் காரின் முன்பக்கத்தைத் தோளால் முட்டிக்கொண்டு ஷெட்டிலிருந்து வெளியே வந்தார். மேட்டில் சக்கரம் நின்றுவிட்டதால் முன்பக்கம் போயிருந்தார். அவர்களைப் பார்க்கவில்லை.

"புதுப் பாட்டரிதானய்யா போட்டிருக்கு?" என்றார் முதலாளி.

நல்லகாமன் நிமிர்ந்தார். வேர்த்திருந்தது. இன்னொரு பொய் வாயில் வரவில்லை. வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது, புகை மேலே வருகிறது, அதனால்தான் என்று சொன்னார். விளக்கு என்ற வார்த்தையைச் சொல்லாமல் சொல்லப் பார்த்தார். முதலாளிக்குப் புரியவில்லை. கண்ணுச்சாமிக்குப் புரிந்துவிட்டது. அவர் ஷெட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு வெளிப்படி ஏறினார்.

செல்லத்தாய் ஸ்டவ்வில் தண்ணீர் வைத்திருந்தாள். கண்ணுச்சாமி ஸ்டவ்வைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டிபோட்டு ஒரு சந்தில் கண்ணை வைத்தார். டப்பாவைக் கழற்றி பல்பு மாற்றிய இடம் ஒன்று மூடாமல் இருந்தது.

"மச்சான், இங்க வந்து பாருங்க. கீழ ஷெட்டுத் தரை தெரியுது."

கீழே இறங்கி வந்து அவர் பேசியதை நல்லகாமன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். கடுமையாகப் பேசவில்லை. வண்டி நிற்கிற இடத்துக்கும் ஆள் படுக்கிற இடத்துக்கும் நடுவில் நெருப்பைத் தாங்குகிற தடுப்பு ஒன்று இருக்க வேண்டும், ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும், அதில் விரல் நுழையும் ஓட்டைகூட இருக்கக்கூடாது என்றார். அந்தக் காரை அழகுக்கோ தூசிக்கோ பூசியது அல்ல, கட்டினவன் தெரிந்து பூசியிருக்கிறான் என்றார். கீழே பெட்ரோல் ஆவி, மேலே ஸ்டவ். ஆவி மேலே போனாலும் ஆபத்து, பொறி கீழே விழுந்தாலும் ஆபத்து. இந்த மாதிரி இரண்டு இடங்களில் தான் போய்ப் பொறுக்கியெடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, என்ன பொறுக்கினார் என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப என்ன செய்யணும்?" என்றார் முதலாளி.

"ஒண்ணு ஓட்டைய அடைங்க. இல்ல மேல ஆள் இருக்கக்கூடாது. ரெண்டுல ஒண்ணு."

அன்று சாயங்காலம் மண்டியிலிருந்து திரும்பும்போது முதலாளி பின் சீட்டிலிருந்து சொன்னார். கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தி வீட்டாருக்கு அங்கேதான் விருந்து. பத்திரிகையிலேயே வீட்டு விலாசம் போட்டாயிற்று. இப்போது கொத்தி அடைத்து, பூசி, காய்ந்து, வெள்ளையடித்து எல்லாம் நடக்காது. அதோடு ஆபத்து என்று தெரிந்தபிறகு ஒரு பெண்பிள்ளையையும் அவள் மகளையும் அங்கே வைத்திருந்தால் தனக்குத் தூக்கம் வராது.

"ஒன் நல்லதுக்குத்தான்யா சொல்றேன். நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவர் மனதாரத்தான் சொன்னார். அதில் நல்லகாமனுக்குச் சந்தேகமில்லை. சரிங்க மொதலாளி என்றார்.

வீடு தேடினார். தல்லாகுளத்திலும் பீபீகுளத்திலும் கேட்ட முன்பணம் அவரிடம் இல்லை. செல்லூரில் தறிக்காரர் ஒருவரின் வளவில் ஒரு அறை கிடைத்தது. நான்கு பக்கமும் தறிச் சத்தம். காற்றில் பஞ்சு மிதந்தது. கொடியில் காயப்போட்ட சேலையில் சாயங்காலத்துக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். அங்கே செல்லத்தாயால் இருக்க முடியவில்லை. ஒரு நாள் பகலிலேயே நினைவு தப்பி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ரிக்ஷாவில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்லகாமன் அப்போது முதலாளியம்மாவோடு பட்டு எடுக்கும் கடையின் முன்னால் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

பேயாண்டி வந்தார். வார்டில் தங்கையின் கட்டில் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்லகாமனிடம் எதுவும் கேட்காமல், ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊர். கரிசல் காடு, வறண்ட காற்று. ஜெயக்கொடிக்குப் பரீட்சை இருந்தது. தாயை விட்டு எங்கே தங்குவாள்? அவளும் போனாள். பங்குனியில் வந்து எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். வந்து எழுதவில்லை.

செல்லூர் அறையைக் காலி செய்தபிறகு நல்லகாமன் மண்டி வாசலில் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். விடியற்காலையில் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் முதலாளி. மேலேதான் ஆகாது என்று மைத்துனர் சொன்னார், ஷெட்டுக்குள்ளேயே ஒரு கட்டிலைப் போட்டுக்கொள் என்றார். கண்ணுச்சாமி பக்கத்தில்தான் நின்றார். அவர் வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்து, கல்யாண வீட்டில் யாரோ கூப்பிட்டதும் போய்விட்டார். நல்லகாமன் காருக்கும் சுவருக்கும் நடுவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டார். திரும்பிப் படுத்தால் கை மட்கார்டில் படும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தி விருந்தில் விளக்குகளைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் உமர் பாரூக்கைத் தன் வீட்டுக்கும் வந்து போட்டுத்தரச் சொன்னார். உமர் பாரூக் போகவில்லை. இனிமேல் டப்பா விளக்கு போடுவதில்லை என்று சொல்லிவிட்டதாக நல்லகாமன் கேள்விப்பட்டார். அவரை நேரில் பார்த்தபோது அதைப் பற்றிப் பேசவில்லை.

அதன்பிறகு அந்த விளக்குகளை யாரும் போடவில்லை. முதலாளியம்மா மகள் வீட்டிலேயே பாதி நாள் இருந்தார். சித்திரை போய் வைகாசி போயிற்று. ஆடியில் மண்டியில் வியாபாரம் மந்தம். ஒரு நாள் முதலாளி ஆற அமரப் பேசிக்கொண்டு வந்த நேரம் பார்த்து நல்லகாமன் கேட்டார். விளக்கு சும்மாதான் இருக்கிறது, அடைத்துவிட்டால் பழையபடி குடும்பத்தைக் கூட்டிவரலாமா என்று. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள். ஏழு மாதமாக வைத்திருந்தார்.

"இதுக்கு என்னய்யா, அடைச்சுக்க. எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா நிச்சயதார்த்தம் முடிஞ்ச கையோட அடைச்சிருப்பேனே" என்றார் முதலாளி.

கோரிப்பாளையத்தில் சிக்னல் விழுந்தது. பச்சை விழுந்தபிறகும் வண்டி நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

உமர் பாரூக் ஒரு கொத்தனாரையும் கூட்டிவந்தார். டப்பாக்களைக் கழற்றி, புது வலை கட்டி, இரண்டு தரம் பூசினார்கள். கூலி வாங்க மறுத்துவிட்டார். பூச்சு காய்ந்ததும் கீழே ஒரு பழைய துணியைக் கொளுத்திப் புகை போட்டுவிட்டு, இருவரும் மேலே போய்ப் பலகைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு மூக்கால் முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பாய் இன்னொரு முறை முகர்ந்தார். எழுந்தபோது அவர் தாடியில் தூசி ஒட்டியிருந்தது. கல்லுப்பட்டிக்கு இன்னைக்கே கெளம்பு மாப்ள என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார். பேயாண்டியின் வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த தாழ்வாரத்தைத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். அதில்தான் செல்லத்தாய் இருந்தாள். மகள் கம்மாய்க்குத் துவைக்கப் போயிருந்தாள். செல்லத்தாயின் உடம்பு தேறியிருந்தது. கழுத்துக் குழி மேலும் கீழும் போகாமல் இருப்பதை அவர் பார்த்தார். அவளுக்கு இரண்டு வெள்ளாடுகள் இருந்தன, அண்ணன் மனைவியோடு சேர்ந்து வாங்கியது. அவற்றைப் பற்றி அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார். அடைத்த விதம், இரண்டு தரம் பூசியது, புகை போட்டுப் பார்த்தது, முதலாளி சொன்னது. முதலாளி கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்.

அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வரல" என்றாள்.

பேயாண்டி ஏதும் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றாள். இங்கே ஓலைக்குள் மழைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அந்த அறை உனக்குப் பிடிக்குமே என்றார்.

"பிடிக்கும். நம்ம எடம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை கேக்க முடியலையே ஒங்களால. நீங்க காரத் தள்ளுனீங்க, நான் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே மூச்சப் பிடிச்சேன். மறுபடி அந்தப் பலகையில படுத்து, கீழ சத்தம் கேக்குதான்னு காது வச்சுக்கிட்டே கெடக்கணும். என்னால முடியாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. குரல் உயர்த்தினால் மூச்சு வாங்கும் என்பதை அவள் உடம்பு பழக்கிவைத்திருந்தது.

"நீங்க இங்க வாங்க" என்றாள்.

இங்கே அவர் என்ன செய்வார்? நிலம் இல்லை. வண்டி உள்ளவர்கள் இல்லை. ரைஸ்மில்லில் மூட்டை தூக்க இடுப்பு ஒத்துழைக்காது. அவளுக்கும் இது தெரியும். கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

ஜெயக்கொடி ஈரத் துணிகளோடு வந்தாள். மதுரைக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டாள். மறுவருஷம் பரீட்சை எழுதலாமா என்பதற்காகக் கேட்டாள் என்று அவருக்குப் பட்டது. அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்போம்மா என்றார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டார். பேயாண்டி பஸ் ஏற்றிவிட ரோடுவரை கூடவே வந்தார். எப்ப கூட்டிட்டுப் போறதா உத்தேசம் மாப்ள என்று கேட்டார். மழை முடியட்டும் என்று நல்லகாமன் சொன்னார். பஸ் வரும்வரை இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.